தூணுக்கு முன்னால் நின்ற பையன்

இரணியன் கதை தமிழ்நாட்டில் வெறும் பக்திக் கதையாக ஒருநாளும் இருந்ததில்லை. கம்பர் அதை எங்கே வைத்தார் என்று பாருங்கள். யுத்த காண்டத்தில், இராவணனிடம் போர் வேண்டாம் என்று மன்றாடும் தம்பி வீடணன் வாயில். வால்மீகியில் இல்லாத படலம் அது. அண்ணன் ஆனாலும் அரசனிடம் சொல்லியே தீரவேண்டிய எச்சரிக்கை. 1934-இல் மேடையேறிய பாரதிதாசனின் ‘இரணியன் அல்லது இணையற்ற வீரன்’ கதையையே புரட்டிப்போட்டது. அதில் இரணியன், ஆரியச் சூழ்ச்சிக்குப் பலியாகும் தமிழ் மன்னன். 1948-இல் அரசு அந்த நாடகத்துக்குத் தடை விதித்தது.

அதனால்தான், 2025 ஜூலையில் அதே கதையைச் சொல்லும் அஸ்வின் குமாரின் ‘மகாவதார் நரசிம்மா’ வெளியாகி, தியேட்டர்களில் ஜனங்கள் பஜனை பாடும் காட்சிகள் கைபேசிகளில் சுற்றியபோது, ஒரு கார்ட்டூன் படத்தில் மதத்தையும் அரசியலையும் ஏன் தேட வேண்டும் என்ற பேச்சை என்னால் ஏற்க முடியவில்லை. தேடித்தான் ஆகவேண்டும். எங்கே தேடுகிறோம் என்பதுதான் கேள்வி.

வத்திராயிருப்பிலிருந்து பஸ் ஏறி அண்ணன் மகனை ராஜபாளையத்துக்குக் கூட்டிப்போய் அந்தப் படத்தைக் காட்டினேன். தூண் பிளந்து நரசிம்மர் வந்ததும் தியேட்டரே எழுந்து கத்தியது. எனக்கும் உடம்பு சிலிர்த்தது. பையன் மட்டும் மூக்கிலிருந்து நழுவிக்கொண்டே இருந்த முப்பரிமாணக் கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு குனிந்துகொண்டான். திரும்பும்போது, பஸ் கிருஷ்ணன்கோவில் தாண்டி ஊர்ப்பக்கம் திரும்பிய பிறகு கேட்டான்: “அப்பா செத்துட்டாரே, பிரகலாதனுக்கு அழுகை வராதா அத்தை?”

நாங்களெல்லாம் சிங்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அவன் பிள்ளையைப் பார்த்திருக்கிறான்.

சிங்கத்தின் நகத்தைக் கொண்டாடுவது சுலபம். ஜெயிக்கிற பக்கம் அது. அந்தக் கதையில் கஷ்டமான இடம் பள்ளிக்கூடம். அரசன் பெயரையே மந்திரமாகச் சொல்லவேண்டும் என்பது சட்டம், வாத்தியாருக்கும் உயிர்ப்பயம். அங்கே ஒரு சின்னப் பையன் மாட்டேன் என்கிறான். அவன் பின்னால் கூட்டம் இல்லை, கோஷம் இல்லை. தூணிலிருந்து ஒருவர் வரப்போகிறார் என்ற உத்தரவாதமும் இல்லை. நான் நாராயணன் பெயரைச் சொல்லி வளர்ந்தவள். அதனாலேயே சொல்கிறேன்: எல்லோரும் ஒரே பெயரைச் சொல்லும் இடத்தில், மனசுக்கு ஒப்பாமல் வாயை மூடிக்கொண்டு நிற்பவன்தான் பிரகலாதன் நின்ற இடத்தில் நிற்கிறான். அந்தப் பெயர் சாமி பெயராகவே இருந்தாலும் சரி.

எங்கள் பக்கத்து ஊர் ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர் பெரியாழ்வார். மதுரையில் பாண்டியன் சபையில் வாதில் ஜெயித்து, யானைமேல் ஊர்வலம் வந்தவர் என்பது வைணவ மரபு சொல்லும் வரலாறு. பக்கத்தில் அரசன் இருக்க, அவர் வாழ்த்தியது பெருமாளை. அப்போது பாடிய திருப்பல்லாண்டில் நரசிம்மமும் வருகிறது. அரசன் தந்த யானைமேல் உட்கார்ந்தும் அரசனைப் பாடாமல் இருக்க ஒரு நெஞ்சு வேண்டும். எனக்கு பக்தி என்றால் அதுதான். அரசியல் என்றாலும் அதுதான்.

பையன் கேட்டதற்குப் பதில் பாகவதத்தில் இருக்கிறது. சிங்கத்தின் கோபம் தணியவில்லை. தேவர்கள் கிட்டே போகப் பயப்படுகிறார்கள், மகாலட்சுமியே தயங்குகிறாள். பிரகலாதன்தான் போகிறான். வரம் கேள் என்றதும், மனசில் ஆசையே முளைக்கக் கூடாது என்று கேட்கிறான். அப்புறம் அப்பாவுக்காகக் கேட்கிறான். தன்னைக் கொல்லப் பார்த்த அப்பாவின் பாவம் தீர வேண்டும் என்று.

அதை அன்றைக்கே பஸ்ஸில் சொன்னேன். “அப்போ அவனுக்கு அப்பாவப் பிடிக்கும்” என்றான். பிடிக்கும், ஆனாலும் அவர் சொன்னதைச் சொல்லவில்லை என்றேன். இரண்டும் எப்படி ஒன்றாக முடியும் என்று வீட்டுக்கு வந்தும் கேட்டுக்கொண்டிருந்தான். இன்னும் கொஞ்சம் வளரட்டும், பாரதிதாசன் நாடகத்தையும் அவன் கையில் கொடுக்கப்போகிறேன்.