இடித்த கல்லும் இருந்த நிலமும்

கண்காட்சி முடிந்த மறுநாள் காலையில் திடலுக்குச் சென்றவர் ஒரு காட்சியைக் கண்டிருப்பர். முந்தைய இரவுவரை விண்ணளாவச் சுழன்ற இராட்டினம் அங்கே இராது. தொழிலாளர் அதன் தூண்களையும் தொட்டிகளையும் கழற்றி, எண்ணிட்டு, துறைமுகம் செல்லும் லாரியில் அடுக்கிக்கொண்டிருப்பர். திடலில் எஞ்சுவன சில குழிகளே. முதல் மழையில் அவையும் தூர்ந்துவிடும். இரும்பு அடுத்த ஊரில் மீண்டும் இராட்டினமாகும். நிலம் மீண்டும் திடலாகும். எவர்க்கும் எவரிடத்தும் கடனில்லை.

களிப்புக்காக எழுப்பியதைப் பிரிப்பது இவ்வளவு எளிது. மனிதரைத் துன்புறுத்துவதற்காக எழுப்பியதை இடித்தால், அதன் கல்லும் மரமும் எங்கே செல்கின்றன? அது நின்ற நிலம் யாதாகின்றது? அவற்றை எடுத்து ஆள்வோர்க்குக் கடமை ஏதேனும் உண்டா? இவ்வினாக்களை எண்ணிப் பார்க்க நாம் வாழும் இத்தீவினும் தக்க இடம் வேறில்லை.

போர்ட் பிளேர் என்று நெடுநாள் வழங்கி, 2024-ஆம் ஆண்டில் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாறிய நம் நகரில், கடலை நோக்கிய மேட்டில் செல்லுலார் சிறை நிற்கின்றது. 1896-இல் தொடங்கி 1906-இல் முடிந்த கட்டடம் அது. செங்கல் பர்மாவிலிருந்து கப்பலேறி வந்தது, கட்டியவர் கைதிகளே. நடுவில் ஒரு காவற்கோபுரம். அதனின்றும் இராட்டினத்தின் ஆரங்களைப் போல ஏழு சிறகுகள். ஒவ்வொன்றும் மூன்று அடுக்கு. மொத்தம் ஏறத்தாழ 700 தனியறைகள். ஒரு சிறகின் முகம் அடுத்த சிறகின் முதுகை நோக்குமாறு அமைத்தனர். ஒரு கைதி மற்றொரு கைதியின் முகத்தைக் காணலாகாது என்பதே அக்கட்டடக் கலையின் நோக்கம். எண்ணெய்ச் செக்கில் மாட்டுக்குப் பதிலாக மனிதன் அங்கே பூட்டப்பட்டான்.

இன்று எஞ்சியிருப்பவை கோபுரமும் மூன்று சிறகுகளுமே. 1941 ஜூன் 26-ஆம் நாள் பெரும் நிலநடுக்கம் தீவுகளை உலுக்கியது. 1942 மார்ச்சில் தீவைக் கைப்பற்றிய ஜப்பானியர் 1945 வரை ஆண்டனர். அக்காலத்தில் சில சிறகுகள் வீழ்ந்தன. விடுதலைக்குப் பின்னர் நம்மவர் கையாலேயே வேறு சில இடிக்கப்பட்டன. அவ்வளாகத்தில் 1963-இல் கோவிந்த வல்லப பந்த் பெயரால் ஒரு மருத்துவமனை எழுந்தது.

சிறையை இடித்தபோது அதனை எதிர்த்து எழுந்த குரல் யாருடையது? அதில் அடைபட்டுக் கிடந்த முன்னாள் கைதிகளுடையது! ஈண்டு நாம் சற்று நின்று சிந்தித்தல் வேண்டும். அச்சுவர்களைக் காணவும் கூசவேண்டியவர் அவர்களே. தம்மை நலிவித்த கல்லை அவர்கள் ஏன் காக்க முற்பட்டனர்? 1933-ஆம் ஆண்டு உண்ணாநோன்பில் மகாவீர் சிங், மோகன் கிஷோர் நாமதாஸ், மோஹித் மைத்ரா ஆகிய மூவர் அச்சிறையில் உயிர் நீத்தனர். உடன் இருந்தவர்களுக்கு அம்மூவரின் நினைவைத் தாங்கிநின்ற நடுகல் அந்தச் சுவரே. சுவர் போனால், நடந்ததற்குச் சாட்சியும் போய்விடும் என்று அவர்கள் அஞ்சினர். அவ்வச்சம் பொய்யன்று. அவர்தம் முயற்சியின் பயனாகவே எஞ்சிய பகுதி காக்கப்பட்டு, 1979 பிப்ரவரி 11-ஆம் நாள் பிரதமர் மொரார்ஜி தேசாயால் தேசிய நினைவுச் சின்னமாக நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது.

மற்றொரு பக்கமும் உண்டு. பாரிஸ் மக்கள் 1789-இல் பாஸ்டீல் சிறையைக் கைப்பற்றியதும் அதனை இடித்துத் தள்ளினர். இடிக்கும் பணியை மேற்கொண்ட பல்லுவா என்பவர் அதன் கற்களைக் கொண்டு சிறையின் சிறு உருவங்களைச் செய்வித்துப் பிரான்சின் மாவட்டந்தோறும் அனுப்பினார். வேறு பல கற்கள், சேன் ஆற்றின்மீது 1791-இல் முடிந்த பாலத்துக்குச் சென்றன. அஞ்சி நோக்கிய கல்லின்மீது மக்கள் நாள்தோறும் நடந்து செல்லட்டும் என்பது அங்கு எழுந்த எண்ணம். அதுவும் ஒரு நீதியே. நம் சென்னையிலும் 1837-இல் எழுந்த மத்திய சிறை, கைதிகளைப் புழலுக்கு மாற்றியபின், 2009-இல் இடிக்கப்பட்டது. அந்நிலம் சென்னை மருத்துவக் கல்லூரிக்குப் பயன்பட்டது. இடிக்குமுன் பொதுமக்கள் உள்ளே சென்று பார்க்க இசைவு தரப்பட்டது. நூற்றாண்டுக்கு மேலாக உள்ளே செல்ல அஞ்சிய வாயிலில் மக்கள் காண விரும்பி நுழைந்தனர்.

சிறை நின்ற இடத்தில் மருத்துவமனை எழுவது மறதியா, கழுவாயா? இவ்வினாவை நாம் நூலகத்தில் இருந்து கேட்கவில்லை. சில ஆண்டுகளுக்கு முன் எம் அன்னையார் இங்குள்ள மருத்துவமனையில் பத்தொன்பது நாட்கள் படுத்திருந்தார். தீவில் வாழ்வோர்க்குச் சென்னை என்பது கப்பலில் மூன்று நாட் பயணம். நோயாளியை அழைத்துச் செல்ல அது தொலைவிலும் தொலைவு. இரவில் வெந்நீர் வாங்க வெளியே வரும்போதெல்லாம் சிறையின் பழஞ்சுவர் இருளில் தெரியும். ஒருநாள் அன்னையாரிடம் அவ்விடத்தின் கதையைச் சொன்னோம். அவர் நெடுநேரம் பேசாதிருந்தார். எங்கோ ஒரு குழந்தை அழும் குரல் கேட்டது. "அவர்கள் அழுத இடத்தில்தானே இப்போது பிள்ளை பிறக்கிறது!" என்றார். நலம் பெற்று இல்லம் திரும்பினார்.

அச்சொல் நமக்குப் பேராறுதல் தந்தது. சிறைச்சாலையை மருத்துவச்சாலை வென்றது என்று அலுவலக நண்பர்களிடமும் சொல்லி மகிழ்ந்தோம். அந்த ஆறுதல் மிக மலிவாகக் கிடைத்தது என்பதைப் பின்னர் ஒரு செங்கல் நமக்கு உணர்த்தியது.

நாம் குடியிருந்த வீட்டின் பின்கட்டில், தண்ணீர்ப் பீப்பாய் ஆடாமல் இருக்க அடியில் ஒரு பழஞ்செங்கல்லை முட்டுக் கொடுத்திருந்தனர். ஒருநாள் அயல்வீட்டு முதியவர், தமிழர், எண்பதை எட்டியவர், அதனை உற்றுப் பார்த்து, "தம்பி, இது ஜெயில் கல்" என்றார். "ஐயா, எப்படித் தெரியும்?" என்றோம். "சிறகை இடித்தபோது எங்கள் அப்பா கூடையில் சுமந்து வந்தார். அன்று பாவம் என்றும் தோன்றவில்லை. புண்ணியம் என்றும் தோன்றவில்லை. அடுப்புக்குச் சுவர் வேண்டியிருந்தது, தம்பி" என்றார்.

அவர் மீது நமக்குச் சினம் எழவில்லை. ஏழையின் அடுப்புக்கு எந்தக் கல்லும் தூய கல்லே. கல்லுக்குப் பாவமும் இல்லை, புண்ணியமும் இல்லை. ஆயினும் அன்றிரவு உறக்கம் வரவில்லை. அச்செங்கல்லை நாமே ஈராண்டு காலம் ஆண்டுவந்தோம். அது யாருடைய அறையின் சுவர் என்று ஒருநாளும் கேட்டோமில்லை. மருத்துவமனையில் பத்தொன்பது நாட்கள் அந்நிலத்தின் பயனைத் துய்த்தோம். அங்கு மாண்டோர் மூவரின் பெயரை அன்று கேட்டிருந்தால் நம்மால் சொல்லியிருக்க இயலாது.

நாம் எழுத்தர். அலுவலகத்தில் ஒரு நாற்காலி முறிந்தால், அதனை வெறுமனே வெளியே எறிதல் இயலாது. பார்வையிட்டு, பயன்படாது எனச் சான்றளித்து, ஏலமிட்டு, வந்த தொகையை அரசுக் கணக்கில் செலுத்தி, இருப்புப் பதிவேட்டின் கடைசிக் கட்டத்தில் 'எங்ஙனம் அகற்றப்பட்டது' என எழுதுதல் வேண்டும். அக்கட்டம் காலியாக இருந்தால் தணிக்கையாளர் விடமாட்டார். உடைந்த நாற்காலிக்கு இத்துணை ஒழுங்கு உண்டு. மனிதர் நொந்து மாண்ட அறைகளுக்கு அக்கட்டத்தை நிரப்பும் கடமை யாருக்கு? அதன் கல்லை எடுத்தவர்க்கும், அதன் நிலத்தில் நலம் பெற்றவர்க்கும் உண்டு என்பதே நம் துணிபு. இடிப்பது குற்றமன்று, இடித்ததை ஆள்வதும் குற்றமன்று. ஆண்டுகொண்டே கணக்கை மறைப்பதுதான் குற்றம்.

இதற்கு ஒரு மறுப்பு எழும். ஒவ்வொரு கல்லின் துயரையும் எண்ணிக்கொண்டிருந்தால் மனிதன் வாழ்வதெங்ஙனம்? குருதி படியாத நிலம் உலகில் ஏது? மறுப்பு வலியதே. எதிரே கடலில் உள்ள ராஸ் தீவு, 2018-இல் நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் தீவு எனப் பெயர் பெற்றது, இதற்குச் சான்றாகவும் நிற்கின்றது. 1858 முதல் ஆங்கிலேயரின் தலைமையிடமாய் விளங்கிய அத்தீவில், அவர்கள் அகன்றபின் வீடுகளின் பொருளைப் பெயர்த்து ஜப்பானியர் பதுங்கு அரண்கள் கட்டினர். எஞ்சிய சுவர்களை ஆலும் அத்தியும் வேரால் தழுவிக்கொண்டன. நடனக் கூடமும் தேவாலயமும் இன்று மரங்களின் இல்லம். மரம் கணக்குக் கேட்பதில்லை, கேளாமலே வாழ்கின்றது.

ஆனால் மரத்துக்கு மொழியில்லை. நமக்கு இருக்கின்றது. நினைத்தல் வேறு, அழுதுகொண்டேயிருத்தல் வேறு. கணக்கு எழுதுவோன் நாள்முழுதும் கண்ணீர் வடிப்பதில்லை. ஒரு வரி எழுதிவிட்டு அடுத்த பணிக்குச் செல்கின்றான். அந்த ஒரு வரியைத்தான் நாம் வேண்டுகின்றோம்.

அவ்வரியை நேர்மையாக எழுதப் புகுந்தால், பதிவேட்டின் முதல் ஏடு சிறையோடு தொடங்காது என்பதும் புலனாகும். சிறைக்கு முன் அங்கே காடு இருந்தது. காட்டில் கிரேட் அந்தமானியர் இருந்தனர். 1858-இல் கைதிகளோடு வந்து காட்டை அழிக்கத் தொடங்கியோரை அவர்கள் 1859-இல் அபர்டீனில் வில்லம்பு கொண்டு எதிர்த்துத் தோற்றனர். பல ஆயிரவராய் இருந்த அம்மக்கள் இன்று சில பத்துப் பேராய்ச் சுருங்கிவிட்டனர். சிறையில் வாடிய வீரர்க்கு நினைவுச் சின்னம் எழுப்பிய நாம், அக்காட்டில் குடியேறிய வழியில் வந்தவர்களே. துன்புற்றோரின் பெயரைச் சொல்லும் உரிமை நமக்கு உண்டு. துன்புறுத்தி எடுத்த நிலத்தில் நிற்கிறோம் என்று சொல்லும் கடமையும் நமக்கு உண்டு. முன்னதைச் சொல்லிப் பின்னதை விடுப்பது பாதிக் கணக்கு.

செங்கல்லை என் செய்தோம் என அன்பர்கள் கேட்கக்கூடும். அருங்காட்சியகத்துக்குத் தரலாம் என்றெண்ணினோம். ஒரு முதியவரின் சொல்லன்றி அதற்குச் சான்றில்லை. கழுவிப் பூசையறையில் வைக்கலாம் என்றார் இல்லத்தார். கல்லுக்கு அது மிகை. ஆகவே அது பீப்பாயின் அடியிலேயே இருக்கின்றது. வீட்டு வரவு செலவுக் குறிப்பேட்டில் மட்டும், பால் கணக்குக்கும் அரிசிக் கணக்குக்கும் இடையே ஒரு வரி எழுதினோம்: "செங்கல் ஒன்று. செல்லுலார் சிறையினது என்பர். நம் பயன்பாட்டில் உள்ளது." மகனை அழைத்துப் படிக்கச் செய்தோம். அதன்கீழ் மூவர் பெயரையும் அவன் தன் கையால் எழுதினான். அதற்கு மேல் ஒரு வரி விட்டு, "அதற்கு முன் காடு" என்றும் எழுதினான்.

நாளை நாம் மாற்றலாகிச் செல்வோம், பீப்பாயும் போகும், செங்கல் வேறொருவர் கைக்குச் செல்லும். குறிப்பேட்டின் அந்த ஏட்டைக் கிழித்து, அவர் கையில் கொடுத்துவிட்டே செல்வோம்.