ஸரூஜ் ஊரான்

பஸராவின் அல்ஹரீரி (மறைவு 1122) யாத்த ‘மகாமாத்’ நூலை மதரஸாவில் ஓதிய நாள்களில் நாம் அதன் சொல்லழகிலேயே மயங்கிக் கிடந்தோம். கதை நாயகன் அபூஸைத் ஊரூராய்த் திரியும் எத்தன் என்பது வயது ஏறிய பின்னரே நமக்கு உறைத்தது.

ஸன்ஆ நகரில் அவன் மரணத்தை நினைவூட்டிப் பயான் செய்கிறான். கேட்டோர் விம்முகின்றனர், காசு குவிகிறது. கதை சொல்லும் ஹாரித் பின்தொடர்ந்து சென்று குகைக்குள் பார்த்தால், வெள்ளை ரொட்டி, சுட்ட ஆட்டுக்குட்டி, எதிரே மதுக்குடம்! சிரிப்பு வருகிறது, வயிறும் எரிகிறது.

எனினும் அவன் சொல்லில் ஓர் உண்மை உண்டு. அவனது ஸரூஜ் பகைவர் வசமாயிற்று. முதற் சிலுவைப் போரையொட்டி அவ்வூர் வீழ்ந்தது வரலாறு. ஊரிழந்த அகதி வயிற்றுக்காகப் பொய் சொன்னான், கொடுத்தவர்க்குச் சில திர்ஹம்தானே நட்டம் என்பார் உளர். கொடுத்தவரின் நன்மை குறையாது என்பதை நாமும் ஏற்கிறோம். கணக்கு அத்தோடு முடிவதாயின் நன்று.

ஒருமுறை வெள்ளத்தில் வீடிழந்ததாகக் கூறிய ஒருவருக்காக நம் பள்ளிவாசலில் துண்டு விரித்தோம். அத்தனையும் பொய். மறு மாதம் அதே கதையைக் கூறிக் கைக்குழந்தையுடன் ஒரு தம்பதியர் வந்தனர். நாமே குறுக்குக் கேள்விகள் கேட்டு, வெறுங்கையுடன் அனுப்பினோம். அவர்தம் ஊர் ஜமாஅத்துக்கு எழுதிக் கேட்டதும், ஒவ்வொரு சொல்லும் மெய் எனப் பதில் வந்தது.

ஐம்பதாம் மகாமாவில் அபூஸைத் தௌபா செய்து ஸரூஜுக்கே திரும்பிவிடுகிறான். அத்தம்பதியரை நாம் தேடினோம். எந்த ஊருக்குப் பஸ் ஏறினர் என்று சொல்வார் இல்லை.