பங்கு பிரிக்காத காசு

போன தீபாவளிக்கு மறுநாள் என் மகள் கேட்டாள்: "அப்பா, ஒரு தடவை மாலத்தீவு போயிட்டு வருவோமா?" கைப்பேசியில் படமும் காட்டினாள். நீலத் தண்ணீர், அதன்மேல் மரக்கால் ஊன்றிய குடில்கள். நான் உடனே பதில் சொல்லவில்லை. மாலத்தீவு என்றதும் எனக்கு வந்தது மாசிக் கருவாட்டின் வாசம்.

அப்பா சரக்குத் தோணியில் தண்டலாக, அதாவது தலைவராக, இருந்தவர். தூத்துக்குடி பழைய துறைமுகத்தில் வெங்காயமும் காய்கறியும் ஜல்லியும் ஏற்றிக்கொண்டு மாலத்தீவின் தலைநகர் மாலேவுக்குப் போவார்கள். கிட்டத்தட்ட 700 கிலோமீட்டர் கடல். திரும்பும்போது அப்பாவின் பையில் நாலைந்து மாசித் துண்டுகள் இருக்கும். கருத்து, காய்ந்து, கட்டையைப் போல. அம்மா அதை அம்மியில் வைத்துக் குழவியால் தட்டுவார். சில்லுச் சில்லாகத் தெறிக்கும். தேங்காய், வற்றல், சின்ன வெங்காயம் சேர்த்து அரைத்த சம்பலோடு அன்று ஒரு உழக்கு அரிசி கூடுதலாக வேகும். மாலத்தீவில் 1972-லேயே முதல் உல்லாச விடுதி திறந்துவிட்டது என்று நான் படித்துத் தெரிந்துகொண்டது பின்னாளில்தான். எங்கள் தெருவுக்கு அது சரக்கு இறக்கும் ஊர், அவ்வளவுதான்.

தோணி கிளம்புமுன் அரிசியும் தண்ணீர்ப் பீப்பாயும் ஏற்றுவதை அப்பா கூடவே நின்று பார்ப்பார். தோணியில் சமைக்கும் பண்டாரியிடம் அவர் சொல்வது இன்னும் காதில் இருக்கிறது: "திரும்பி வர்ற அரிசிய முதல்ல ஏத்துல. போற அரிசி தானா ஏறிரும்." காற்று மாறினால், எஞ்சின் படுத்தால் நடுக்கடலில் எத்தனை நாள் கிடக்க வேண்டுமோ தெரியாது. ஆகவே கணக்கு வீடு வந்து சேரும் நாளிலிருந்து பின்னோக்கித் தொடங்கும். சுற்றுலாச் செலவைப் பற்றி எத்தனையோ யோசனைகள் கேட்டிருக்கிறேன். இந்த ஒரு வாக்கியத்தை மிஞ்சியது ஒன்றும் இல்லை.

நம் வீடுகளில் இது தலைகீழாகத்தான் நடக்கிறது. டிக்கெட்டும் அறையும் முதலில் போடுகிறோம். ஊர் திரும்பிய மறுநாள் பால்காரருக்கு என்ன, அடுத்த மாதம் பள்ளிக் கட்டணத்துக்கு என்ன என்பது கடைசியில் வருகிறது. என்னோடு வேலை பார்க்கும் ஒருவர் தேனிலவுக்குத் தனிநபர் கடன் வாங்கிக்கொண்டு மாலத்தீவு போனார். ஐந்து நாள் பயணம், மூன்று வருடத் தவணை. குழந்தை பிறந்து நடக்கத் தொடங்கிவிட்டது, அந்தக் கடன் இன்னும் அடைபடவில்லை. அந்த ஐந்து நாளைப் பற்றி இப்போது வீட்டில் பேச்செடுக்கவே பிடிக்கவில்லை என்கிறார். எனக்கு அதுதான் பெரிய நஷ்டமாகத் தெரிகிறது. பணத்தோடு நினைவையும் கடன்காரன் எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

எங்கள் கடற்கரையில் காசு கைக்கு வந்ததும் செய்யும் முதல் வேலை பங்கு பிரிப்பது. மீன் ஏலம் முடிந்ததும் டீசல், ஐஸ், சாப்பாட்டுச் செலவைக் கழித்துவிட்டு, படகுக்கு இவ்வளவு, ஆளுக்கு இவ்வளவு என்று அங்கேயே பிரிந்துவிடும். என் தாத்தா 1955 முதல் 1961 வரை சலாபம் என்று சொல்லும் முத்துக்குளிப்புக்குப் போனவர். 1961-க்குப் பிறகு இங்கே சலாபமே நடக்கவில்லை. அள்ளி வந்த சிப்பியில் இரண்டு பங்கு அரசாங்கத்துக்கு, ஒரு பங்கு குளித்தவர்களுக்கு. மூச்சடக்கி எடுத்ததில் மூன்றில் இரண்டு போய்விடுகிறதே என்று எனக்கு வயிறெரியும். ஆனால் பிரித்துக் கையில் வந்தது தன்னுடையது, அதற்கு மேல் யாருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை என்று தாத்தா சொல்வாராம்.

கரைக்கு வந்த சிப்பியைத் திறக்காமலேதான் ஏலம் விடுவார்கள், ஆயிரம் சிப்பி இன்ன விலை என்று. உள்ளே முத்து இருக்கிறதா, வெறும் சதையா என்பது வாங்கியவர் திறந்து பார்த்தால்தான் தெரியும். இன்றைக்கு விளம்பரத்தில் வரும் சுற்றுலாப் பொதியும் எனக்கு அந்த மூடிய சிப்பியைத்தான் நினைவூட்டுகிறது. நானும் மகளும் உட்கார்ந்து ஒன்றைத் திறந்து பார்த்தோம். மாலேயிலிருந்து தீவுக்குப் போகும் விரைவுப் படகுக் கட்டணம் அதில் இல்லை. பசுமை வரி இல்லை. உள்ளூர் மக்கள் வாழும் தீவுகளில் இருக்கும் சிறிய தங்கும் விடுதிகளில் அந்த வரி தலைக்கு ஒரு நாளைக்கு 6 டாலர், உல்லாசத் தீவுகளில் 12. நாங்கள் நான்கு பேர், மூன்று இரவு என்றால் சிறிய விடுதியிலேயே 72 டாலர். உணவுப் பட்டியலில் விலைக்குப் பக்கத்தில் இரண்டு கூட்டல் குறி இருக்கும், சேவைக் கட்டணமும் வரியும் தனி என்று. வழக்கமான 10 சதவீத சேவைக் கட்டணத்தைச் சேர்த்து, அதன்மேல் 2025 ஜூலை முதல் 17 சதவீதமாகிவிட்ட வரியையும் போட்டால், 100 டாலர் சாப்பாடு கிட்டத்தட்ட 129-க்கு வந்து நிற்கிறது. மகள் கால்குலேட்டரை இரண்டு தடவை தட்டிப் பார்த்தாள்.

விலை ஏன் இப்படி என்று அவளுக்கு நான் விளக்க வேண்டியிருக்கவில்லை. அவள் தாத்தா ஏற்றிப்போன வெங்காயம்தானே அது. அந்தத் தீவுகளில் விளைவது கொஞ்சம். தட்டில் வருவதில் பெரும்பகுதி கடல் தாண்டி வந்தது.

மலிவு என்று வருவதையும் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். தூத்துக்குடிக்காரர்களுக்கு இது புதிய பாடமில்லை. வ.உ.சி. 1906-இல் சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கியபோது, போட்டிக்கு நின்ற வெள்ளைக்காரக் கம்பெனி கொழும்புக்குக் கட்டணத்தை ஒரு ரூபாயாகக் குறைத்தது. சுதேசிக் கம்பெனி எட்டணா என்றது. உடனே அவர்கள் இலவசம் என்றார்கள், ஏறுகிறவருக்குக் குடையும் கொடுத்தார்கள். 1911-இல் சுதேசிக் கம்பெனி கலைக்கப்பட்டது. அந்தக் குடைக்கு யார் விலை கொடுத்தார்கள் என்று இந்த ஊருக்குத் தெரியும்.

இவ்வளவையும் எழுதிவிட்டு, 'ஆகவே போகாதீர்கள்' என்று முடிக்க எனக்கு மனசு வராது. காரணம் அம்மா.

கொழும்பு கொச்சிக்கடை அந்தோணியார் கோயிலுக்கு ஒரு செவ்வாய்க்கிழமை போய் மெழுகுவர்த்தி ஏற்ற வேண்டும் என்பது அம்மாவின் ஆசை. 2011 ஜூனில் தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் 'ஸ்கோஷியா பிரின்ஸ்' என்ற பயணிகள் கப்பல் விட்டார்கள். அம்மாவுக்குப் பாஸ்போர்ட் எடுத்தாயிற்று. அந்த வருடம் வீட்டுக்குத் தளம் போட்டிருந்தோம். "அடுத்த வருசம் பார்ப்போம்மா" என்றேன். "சரிய்யா, கப்பல் எங்க போயிரப்போவுது" என்றார். நவம்பரில் கப்பல் நின்றுபோனது. நாகப்பட்டினத்திலிருந்து இலங்கையின் காங்கேசன்துறைக்கு 2023 அக்டோபரில் கப்பல் கிளம்பியபோது அம்மா இல்லை. ஒரு முத்திரையும் விழாத அந்தப் பாஸ்போர்ட் பீரோவில் இருக்கிறது. அந்த வருடம் காசே இல்லையா என்று பழைய நோட்டை எடுத்துப் பார்த்தேன். இருந்தது. தளத்துக்கு, நகைச் சீட்டுக்கு, பெயர் தெரியாத செலவுக்கு எல்லாம் இருந்தது. அம்மாவின் கொழும்புக்கு மட்டும் ஒரு பங்கு பிரித்து வைக்கவில்லை. பங்கு பிரிக்காத காசு உப்பளத்துத் தண்ணீர் மாதிரி வெயிலில் போய்விடும்.

மீனவர்களுக்கு ஒரு சேமிப்பு நிவாரணத் திட்டம் இருக்கிறது. ஒன்பது மாதத்தில் 1,500 ரூபாய் கட்டினால், மத்திய அரசும் மாநில அரசும் தலா 1,500 சேர்த்து, தொழில் மந்தமான மூன்று மாதத்தில் 4,500 ரூபாயாகத் தருகின்றன. ஏப்ரல் 15 முதல் 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகக்கூடாது என்று எல்லோருக்கும் முன்கூட்டியே தெரியும். தெரிந்த பஞ்சத்துக்கு முன்னாலேயே பணம் கட்டுகிறார்கள். தெரிந்த ஆசைக்கும் அப்படிக் கட்டலாமே என்றுதான் எனக்குத் தோன்றியது. நமக்கு மேலே போட்டுத் தர யாரும் வரமாட்டார்கள், ஆனால் முறை அதேதான்.

அஞ்சலகத்தில் ஒரு தொடர்வைப்புக் கணக்கு தொடங்கினோம், பயணத்துக்கென்று மட்டும். மகள் டியூஷன் எடுத்த காசில் ஒரு பகுதி, என் சம்பளத்தில் ஒரு பகுதி. நோட்டின் முதல் பக்கத்தில் முதல் வரியாக, திரும்பி வரும் மாதத்தின் வீட்டுச் செலவை எழுதினேன். அது தனியாகக் கட்டிவைக்கப்பட்டது. இரண்டாவது வரி, யாருக்காவது உடம்புக்கு முடியாமல் போனால் என்று ஒரு தொகை. அதற்குக் கீழேதான் விமானம், படகு, அறை. தண்ணீர்மேல் நிற்கும் குடில் அந்தப் பட்டியலில் இடம்பெறவில்லை. உள்ளூர்க்காரர் நடத்தும் விடுதி போதும் என்று மகளே சொல்லிவிட்டாள். திருவனந்தபுரம் வரை ரயில், அங்கிருந்து விமானம்.

அவள் என் மகள் என்பதைவிட அவள் தாத்தாவின் பேத்தி. "மாலேல தோணி நிக்கிற இடத்த மொதல்ல பாக்கணும்" என்கிறாள். அதற்குச் செலவு ஒன்றும் இல்லை.

உங்கள் வீட்டிலும் வயதான ஒருவர் ஏதாவது ஒரு ஊர்ப் பேரை அடிக்கடி சொல்லிக்கொண்டிருப்பார். வேளாங்கண்ணியோ, காசியோ, யாழ்ப்பாணமோ. அடுத்த வருடம் என்று சொல்லாதீர்கள். இந்த மாதச் சம்பளத்தில் அதற்கு ஒரு பங்கு, நூறு ரூபாயானாலும், பிரித்து வையுங்கள்.