ஆள் உயரக் கண்ணாடி

‘தி செஷன்ஸ்’ படத்தை என்னோடு உட்கார்ந்து பார்த்த நண்பர் ஒரு பிசியோதெரபிஸ்ட். படம் முழுக்க வாய் திறக்காதவர் ஓர் இடத்தில் மட்டும், “அந்தக் கண்ணாடிய அவங்க காட்டியிருக்கக் கூடாது சார்” என்றார். ஏன் என்று கேட்டதற்குப் பதில் இல்லை. பிறகு அதைப் பற்றி நாங்கள் பேசவும் இல்லை. அந்தப் பேச்சுதான் என்னை விட்டபாடில்லை.

படத்தின் நாயகன் மார்க் ஓ’பிரையன் நிஜ மனிதர். கலிஃபோர்னியாவின் பெர்க்லியில் வாழ்ந்த கவிஞர், பத்திரிகையாளர். ஆறு வயதில் இளம்பிள்ளை வாதம். தலையைத் திருப்பலாம், மற்றபடி உடம்பு ஏறக்குறைய அசையாது. ஆனால் தொட்டால் தெரியும். மூச்சுக்காக நாளின் பெரும்பகுதி இரும்பு உருளைக்குள் கிடக்க வேண்டும். முப்பதுகளில் செரில் கோஹன் கிரீன் என்ற பெண்ணிடம் போகிறார். உடல் நெருக்கத்தைக் கட்டணம் வாங்கிக்கொண்டு, பழகியே கற்றுத்தருவது அவர் தொழில். அந்த அனுபவத்தைப் பற்றி ஓ’பிரையன் எழுதி 1990இல் வெளியான கட்டுரையை வைத்து 2012இல் பென் லெவின் எடுத்த படம் இது. லெவினும் சிறுவயதில் அதே நோய் கண்டவர். அதனாலோ என்னவோ, படம் யாரையும் அழவைக்க மெனக்கெடவில்லை.

செரில் ஒருநாள் பெரிய கண்ணாடி ஒன்றை ஓ’பிரையன் பக்கம் திருப்பிக் காட்டுகிறாள். ஆறு வயதுக்குப் பிறகு அவர் தன் இடுப்புக்குக் கீழே பார்த்ததே இல்லை. கோணிப்போன நெஞ்சுக்கூடு மறைத்துவிடும். கோரமாக இருக்கும் என்று மனசுக்குள் வரைந்து வைத்திருந்த உடம்பு சாதாரணமாகத்தான் இருந்ததாம். அத்தனை வருஷம் குளிப்பாட்டியவர்கள், துடைத்தவர்கள், உடுப்பு மாற்றியவர்கள் எல்லோரும் பார்த்த உடம்பு. சொந்தக்காரர் மட்டும் பார்க்கவில்லை.

எங்கள் பெரியப்பா மகனுக்கும் இளம்பிள்ளை வாதம்தான். கையூன்றித் தரையில் நகர்ந்து வருவார். கூடத்துக் கண்ணாடி ஆணியில் சற்றே முன்சாய்ந்து தொங்கும். சட்டம் நெடுக அக்காமார்கள் ஒட்டிவைத்த ஸ்டிக்கர் பொட்டு, சிலது பசை மட்டும் மிஞ்சிக் கறுத்துப் போயிருக்கும். அண்ணனுக்கு உள்ளங்கையளவு கண்ணாடித் துண்டு. அதில் ஒரு நேரத்தில் ஒரு கன்னம்தான் தெரியும், சவரத்துக்கு அது போதும். தீபாவளிக்குப் புதுச்சட்டை போட்டுக்கொண்டு, “எப்படிடா இருக்கு?” என்பார். “ஜோரா இருக்குண்ணே” என்போம். அவருக்குத் தெரிந்தது அவ்வளவுதான். கண்ணாடியை இறக்கி மாட்ட இன்னோர் ஆணி போதும்; அந்த வீட்டில் ஒருத்தருக்கும் தோன்றவில்லை. தம்பிக்குப் பெண் பார்க்க எல்லோரும் வேன் பிடித்துப் போனபோது வீட்டுக்குக் காவல் அண்ணன்தான். அவர் கல்யாணப் பேச்சு எழவே இல்லை என்பதைக்கூட யாரும் கவனித்ததாக நினைவில்லை.

படத்தைப் பார்த்தவர்கள் பலரும் காசு கொடுத்து வாங்கிய நெருக்கம் சரியா என்றுதான் கேட்கிறார்கள். எனக்கு அதில் பெரிய குழப்பம் இல்லை. ஓ’பிரையனைக் குளிப்பாட்டியவர்களும் சம்பளத்துக்குத்தான் வந்தார்கள்; அதை யாரும் குறையாகச் சொன்னதில்லை. எனக்கு இடறுவது கண்ணாடிதான். தினமும் பிறத்தியார் உடம்பைப் பிடித்துவிட்டே பிழைக்கிற நண்பர் ஏன் அப்படிச் சொன்னார்? காட்டிவிட்டு அவள் போய்விடுவாளே, அதன் பிறகு அந்த மனிதர் என்ன செய்வார் என்று நினைத்திருப்பாரோ?

அப்படியானால் நண்பர் பக்கமும் நியாயம் இருக்கிறது. கட்டுரையின் கடைசியில் ஓ’பிரையனே கைவிரிக்கிறார்: செரிலைப் பார்த்த நாட்களில் வாழ்க்கையே மாறிவிட்டதாக நம்பினேன், மாறவில்லை, தனிமை அப்படியே இருக்கிறது என்கிறார். படத்துக்கு இந்த முடிவு ஒத்துவரவில்லை. சூசன் என்ற பெண் வந்துவிடுகிறாள். இட்டுக்கட்டு என்று தள்ளவும் முடியாது. சூசன் ஃபெர்ன்பாக் நிஜமாகவே பின்னாளில் அவர் வாழ்வில் வந்தார். கில்லியன் கெண்டலுடன் சேர்ந்து ஓ’பிரையன் எழுதிய சுயசரிதை, 1999இல் அவர் இறந்த பிறகு வெளியானது.

கட்டுரை எழுதும்போது இதெல்லாம் வரப்போகிறது என்று ஓ’பிரையனுக்குத் தெரியாது. தன்னைக் கோரம் என்றே நினைத்துக்கொண்டிருந்த ஆளாக இருந்தால் சூசனிடம் முகம் கொடுத்துப் பேசியிருப்பாரா? மாட்டார் என்றுதான் எழுத உட்கார்ந்தேன். இப்போது அவ்வளவு தீர்மானமாகச் சொல்ல வரவில்லை. சூசன் கண்ணாடியைப் பார்த்துவிட்டு வந்தவள் அல்லவே.