அதற்குக் கொம்பு நாம்தான்!

குழந்தைக்கு ஜுரம் என்றால் என்ன செய்வீர்கள்? நெற்றியில் திருநீறு இட்டு, மஞ்சள் துணியில் காசு முடிந்து வேண்டிக்கொள்வீர்கள். அத்தோடு நின்றுவிடுவீர்களா? உடனே ஆட்டோ பிடித்து டாக்டரிடம் ஓடுவீர்கள், இல்லையா? அதே வீட்டில் வளரும் நாய் சுருண்டு படுத்தால்..?

திண்டிவனத்தில் இருக்கும் என் தோழி ஒருநாள் போனில் அழுதாள். அவள் வீட்டு நாய் மூன்று நாளாகச் சோற்றைத் தொடவில்லை. "அம்பாளுக்கு வேண்டிக்கிட்டேன்டி. அவ பார்த்துப்பா" என்றாள்.

"டாக்டர்கிட்டே காட்டினியா?" என்றேன். பதில் இல்லை.

அவளுக்கு நான் திருவாமாத்தூர் தலபுராணத்தைச் சொன்னேன். விழுப்புரத்துக்கு அருகில் உள்ள தலம் இது. அபிராமேஸ்வரரும் முத்தாம்பிகையும் அருள்பாலிக்கும் இந்தக் கோயில், தேவார மூவராலும் பாடப்பெற்றது. 'ஆ' என்றால் பசு. ஆதியில் பசுக்களுக்குக் கொம்பு கிடையாதாம். கொடிய விலங்குகளிடம் இருந்து தற்காத்துக்கொள்ள வழியின்றித் தவித்த அவை, இங்கு வந்து ஈசனை வழிபட்டுக் கொம்புகளைப் பெற்றனவாம்!

கவனித்தீர்களா? 'பயப்படாதே' என்று சொல்லி மட்டும் ஈசன் அனுப்பிவிடவில்லை. காத்துக்கொள்ளக் கொம்பையும் கொடுத்தார். அருள் அப்படித்தான் ஏதேனும் ஒரு வடிவில் வந்து சேரும். நம்மை நம்பி வாசலுக்குள் வந்த ஜீவனோ, தன் காவலையே நம்மிடம் ஒப்படைத்துவிட்டது. அதற்குக் கொம்பு நாம்தான்!

அப்படியானால் வேண்டுதல் வீணா? நிச்சயமாக இல்லை. ஆனால், அதே தலத்தில் வட்டப்பாறை ஒன்றும் உண்டு. அதன் முன் பொய்ச் சத்தியம் செய்தவர் தப்ப முடியாது என்பது நம்பிக்கை. மனதால் ஒரு நிமிடம் அங்கே நில்லுங்கள். 'அம்பாள் பார்த்துப்பா' என்று நாம் சொல்வது பக்தியா? அல்லது அலைச்சலுக்கும் செலவுக்கும் பயந்து சொல்லும் சாக்கா? செலவுதான் கவலை என்றால், அரசு கால்நடை மருத்துவமனைகள் இருக்கின்றனவே!

தோழி அன்றே நாயைத் தூக்கிக்கொண்டு போனாள். டாக்டர் அதன் உதட்டைத் தூக்கிப் பார்த்தார், ஈறு வெளிறியிருந்தது. காது மடலுக்குள் உண்ணிகள். உண்ணி கடியால் வரும் காய்ச்சல்! எப்போது கடைசியாகச் சாப்பிட்டது, தண்ணீர் குடித்ததா, சிறுநீர் என்ன நிறம் என்று கேட்டுக்கொண்டே போனார். "அதுக்குப் பேச வராதும்மா. நீங்கதான் கவனிச்சுச் சொல்லணும்" என்றாராம்.

ரத்தப் பரிசோதனை, ஊசி, வாரக்கணக்கில் மாத்திரை... இப்போது அது தயிர்சாதத்துக்குத் தட்டை உருட்டுகிறது.

பிழைக்காமல் போயிருந்தால்? அதையும் அவளிடம் கேட்டேன். "அழுதிருப்பேன். ஆனா, வட்டப்பாறை முன்னாடி நிக்கப் பயந்திருக்க மாட்டேன்" என்றாள்.

பலன் அவள் கையில். டாக்டரிடம் தூக்கிப் போவது நம் கையில். அடுத்த முறை உங்கள் வீட்டு ஜீவன் முடங்கிப் படுத்தால், விளக்கேற்றி வேண்டிக்கொள்ளுங்கள். விளக்கு எரிந்துகொண்டிருக்கும்போதே கிளம்பியும் விடுங்கள்!