வாங்க என்று சொல்வது யார்?

எங்க அம்மா இராப்போஜனம் வாங்கப் போகும்போது முந்தானையால் வாயை அழுத்தித் துடைத்துக்கொண்டுதான் போவாள். ‘கடைசியாப் போவோம்டா, அவுங்க குடிச்சு முடிக்கட்டும்.’ அப்படிச் சட்டம் எதுவும் சபையில் கிடையாது. ஆனால் வரிசை ஒருநாளும் மாறியதில்லை. பிறகு ஒருநாள் பொதுப் பாத்திரம் போய், ஆளுக்கொரு சின்னக் கிண்ணம் வந்தது. சுகாதாரம் என்றார்கள். இருக்கலாம். ‘இது முன்னமே வந்திருந்தா இத்தனை வருசம் வாயத் தொடச்சிருக்க வேணாமே’ என்றாள் அம்மா.

சாதி கூடாது என்று திருச்சபை சொல்லாமல் இல்லை. கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன் 1833லேயே சுற்றறிக்கை அனுப்பினார். தஞ்சாவூரிலும் வேப்பேரியிலும் உயர்சாதிக் கிறிஸ்தவர்கள் அதை எதிர்த்து நின்றார்கள். வடக்கன்குளத்தில் 1872இல் கட்டிய கத்தோலிக்கக் கோயிலில் பீடம் ஒன்று, சனங்கள் நிற்க இரண்டு பக்கம், நடுவில் சுவர். இடித்தது 1910இல்! ஒரே சாமியை இரண்டு பக்கத்திலிருந்து கும்பிட்டிருக்கிறார்கள்.

இப்போது சில சபைகள் ‘சாதி, பால் வேறுபாடு இல்லை, எல்லோரும் வாருங்கள்’ என்கின்றன. நல்லதுதான். ‘அந்த மாதிரிக் கோயிலுக்கு ஞாயித்துக்கெழம போனா என்ன எதிர்பாக்கலாம், தோழர்?’ என்று ஒரு மாணவர் கேட்டார். பாட்டு, ஜெபம், பிரசங்கம், காணிக்கை எல்லாம் எங்கும் போலத்தான் இருக்கும். எனக்கு உறுத்துவது வேறு. ‘வாங்க’ என்று சொல்கிறவர் வீட்டுக்காரர். அப்படியானால் மூன்று தலைமுறையாக அந்தக் கோயிலில் கிடக்கிற நாங்கள் யார்? விருந்தாளிகளா? எங்கப்பா கோயில்பிள்ளை. கோயில் சாவி அவர் இடுப்பில்தான் தொங்கும், கூட்டிப் பெருக்குவதற்கு. சபைக் கமிட்டியில் அவர் பெயர் இருந்ததேயில்லை.

2007 முதல் ஆண்டுதோறும் ஒரு ஞாயிறை தலித் விடுதலை ஞாயிறு என்று ஆசரிக்கிறார்கள். அன்றைக்குப் பறை பீடம் வரைக்கும் வரும். அடுத்த ஞாயிறு எங்கே இருக்கிறது என்று தேடிப் பாருங்கள்.

மதுரை அரசரடி இறையியல் கல்லூரியில் இருந்த தியாபிலஸ் அப்பாவு, நம்ம பரட்டை, 2005இல் இறந்துபோனார். அவர் கடவுளை ஆணென்றும் பெண்ணென்றும் பிரிக்காமல் ‘பெத்தவரே’ என்று கூப்பிட்டார். நாட்டுப்புற இசையில் வழிபாடு கட்டினார். ‘ஒரு உலை’ என்றார். அவரவர் கொண்டுவந்ததை ஒரே உலையில் போட்டுப் பொங்கித் தின்பது. இங்கேதான் என் கேள்விக்குப் பிடி கிடைக்கிறது. பானையில் என் வீட்டு அரிசியும் வெந்தால் யார் யாரை ‘வாங்க’ என்பது? ஆனாலும் சந்தேகம் தீரவில்லை. ஒரு உலையில் தின்று கையலம்பிவிட்டு, வீட்டுக்குப் போய்ச் சொந்தச் சாதியில் மாப்பிள்ளை தேடலாமே. தேடத்தான் செய்கிறார்கள்.

அடுத்தவனைச் சொல்லிக்கொண்டே போவது சுலபம். எங்கள் பறையர் தெருவிலேயே அருந்ததியர் வீட்டில் தண்ணி வாங்கிக் குடிக்காதவர்கள் இருந்தார்கள். எங்கம்மாவும் அதில் ஒருத்தி. ஒரு ஞாயிறு திருநங்கை ஒருவர் வந்து எங்கள் பெஞ்சில் உட்கார்ந்தபோது எங்க சனம்தான் மெல்ல நகர்ந்து உட்கார்ந்தது. நானும் நகர்ந்தேன். ஒரு சாண் இருக்கும். பின்பெஞ்சில் தள்ளப்பட்டவனுக்கு அடுத்தவரைத் தள்ள எப்படி மனசு வருகிறது? பசியால் வருகிற குணமா, பழகிப்போன குணமா? எனக்கு இன்னும் விளங்கவில்லை. அந்த ஒரு சாண் மட்டும் மறக்கவில்லை.

பிறகு எங்கள் சபைக்கு அருந்ததியர் ஆயர் ஒருவர் வந்தார், ஒரு பெண். அவர் முதன்முதல் திருவிருந்து கொடுத்த அன்று அம்மா வழக்கம்போல முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டு போனாள். நான் பக்கத்தில் முழங்காலிட்டிருந்தேன். ஆயரம்மா அப்பத்தை நீட்டினார். அம்மாவின் கை உடனே எழும்பவில்லை. ஆயரம்மா அப்பத்தோடு அப்படியே நின்றார். அப்புறம் அம்மா கையை நீட்டினாள்.