யாருடைய வக்கீல்?

பல்லடம் சாலையிலோ பெருமாநல்லூர்ப் பக்கமோ சைட் பார்க்கப் போகிறவர் கையில் புரமோட்டர் ஒரு ஃபைலைக் கொடுப்பார். லே-அவுட் வரைபடம், டிடிசிபி அனுமதி, பட்டா, பத்திர நகல்கள் எல்லாம் இருக்கும். கடைசியில் நாலைந்து பக்கத்துக்கு ஒரு லீகல் ஒப்பீனியன். நகலுக்கு எடுத்த நகல் என்பதால் வக்கீலின் முத்திரை பாதி கறுத்துப் பாதி அழிந்திருக்கும். வாங்குகிறவர் கடைசிப் பத்தியை மட்டும் படிப்பார்: வில்லங்கம் இல்லை, உரிமை தெளிவாக இருக்கிறது, விற்கத் தடையில்லை. முதல் பக்கத்தின் தலைப்பில் அந்தக் கருத்துரை யாருக்கு எழுதப்பட்டது என்றும் இருக்கும். எழுதப்பட்டது புரமோட்டருக்கு, அவர் கேட்டதன் பேரில், அவர் கொடுத்த ஃபீஸுக்கு.

இதில் பொய் எதுவுமில்லை. நிலத்தைப் பிரித்து விற்கும் முன் ஒரு வக்கீலிடம் காட்டி வாங்கியது நல்ல காரியம்தான். சிக்கல் அதற்கடுத்த பேச்சில் தொடங்குகிறது. “நம்ம வக்கீலே இருக்காருங்க, லீகல் எல்லாம் பார்த்தாச்சு, பத்திரமும் அவரே போட்டுடுவாரு. நீங்க எதுக்கு வெளியில அலையறீங்க?” விற்பவருக்குக் கருத்துரை சொன்ன அதே வக்கீல், அதே சைட்டை வாங்குகிறவருக்கும் வக்கீலாக இருப்பது சரியா? திருப்பூர் வட்டாரத்தில் இதை யாரும் தவறென்று எண்ணுவதே இல்லை. பழகிவிட்டதாலேயே கொஞ்சம் நிறுத்தி யோசிக்க வேண்டியிருக்கிறது.

அந்த வக்கீல் பக்கத்திலும் நியாயம் உண்டு. அந்தப் பூமியின் கதை அவருக்குத் தெரிந்த அளவுக்கு வேறு யாருக்கும் தெரியாது. தாய்ப்பத்திரம் கையெழுத்தில் இருக்கும். செக்குபந்தியில் சொல்லியிருக்கும் இட்டேரி இன்றைக்குத் தார்ச்சாலை ஆகியிருக்கும். பழைய சர்வே எண் உட்பிரிவாகி உட்பிரிவாகி அடையாளமே மாறியிருக்கும். இதையெல்லாம் அவர் ஏற்கெனவே கோத்து வைத்திருக்கிறார். வெளியூரிலிருந்து ஒரு வக்கீலைப் பிடித்தால் அவர் முதலிலிருந்து தொடங்க வேண்டும். பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டராக இருப்பவருக்கு ஞாயிற்றுக்கிழமை ஒன்றுதான் ஓய்வு. சேர்த்த பணமும் நகையை வைத்த பணமுமாக மூன்று சென்ட் வாங்குகிறார். அதில் ஃபீஸும் மிச்சம், நாளும் மிச்சம் என்றால் அவரைக் குறை சொல்வதற்கில்லை. தேனியிலிருந்தோ திண்டுக்கல்லிலிருந்தோ வந்து இங்கே தங்கிவிட்டவருக்கு ஊரில் வக்கீலைத் தெரிந்த சொந்தமும் இருப்பதில்லை.

இன்னொன்றும் உண்டு. வக்கீல்கள் விளம்பரம் செய்யவோ, ஆள் வைத்துக் கட்சிக்காரரைப் பிடிக்கவோ கூடாது என்கிறது இந்திய பார் கவுன்சிலின் விதி. 1961-ம் ஆண்டு வழக்கறிஞர் சட்டத்தில் 2023-ல் செய்த திருத்தம், தரகு பார்த்து வழக்குப் பிடித்துத் தருபவர்களின் பட்டியலை நீதிமன்றங்கள் வெளியிடவும் வழி செய்திருக்கிறது. நோக்கம் உயர்ந்ததுதான். ஆனால் விளம்பரம் இல்லாத இடத்தில் புதிதாக வருகிறவருக்கு வக்கீலைக் காட்டுவது யார்? இடத்தைக் காட்டிய புரோக்கரே வக்கீலையும் காட்டுகிறார்.

அதே கட்டிங் மாஸ்டர் கம்பெனியில் வேறு மாதிரி நடப்பதைத் தினம் பார்க்கிறவர். ஏற்றுமதிக்குப் போகும் பெட்டிகளைக் கம்பெனியின் சொந்த செக்கிங் ஆட்கள் பார்த்து முடித்த பிறகும், பையர் தன் ஆளை அனுப்பி ஃபைனல் இன்ஸ்பெக்‌ஷன் செய்வார். அந்த ஆள் நினைத்தால் மொத்த சரக்கையும் நிறுத்திவிடலாம். கம்பெனியின் செக்கிங்கில் சந்தேகம் என்று யாரும் இதற்குக் கோபித்துக்கொள்வதில்லை. பணம் கொடுப்பவர் தன் கண்ணால் பார்க்க வேண்டும் என்பது அந்தத் தொழிலின் நடைமுறை. சைட் வாங்கும்போது மட்டும் “நம்ம வக்கீல்” என்ற சொல்லில் இந்தப் புத்தி மறந்துபோகிறது.

இரு பக்கமும் ஒரே வக்கீல் இருந்தால் என்ன, எல்லாவற்றையும் வெளிப்படையாகச் சொல்லிவிட்டால் போதாதா என்று கேட்கலாம். பார் கவுன்சில் விதியும் அப்படித்தான் தொடங்குகிறது: எதிர்த்தரப்போடு தனக்குள்ள தொடர்பையும், விஷயத்தில் தனக்குள்ள அக்கறையையும் வக்கீல் தன் கட்சிக்காரரிடம் முழுமையாகச் சொல்லிவிட வேண்டும். நியூசிலாந்திலிருந்து லண்டன் பிரிவி கவுன்சில் வரை போன ஒரு வழக்கு இதற்குத் துணை நிற்கும். மகனின் கடனுக்காகத் தன் வீட்டை அடமானம் வைத்த ஒரு தாய்க்கும் மகனுக்கும் ஒரே சொலிசிட்டர். தனியாக வேறொருவரிடம் ஆலோசனை கேட்கும்படி அவர் அந்தத் தாயிடம் சொல்லியும் தாய் வேண்டாமென்றுவிட்டார். பிறகு வழக்குப் போட்டார். தெரிந்தே சம்மதித்திருக்கிறார், சொலிசிட்டர் மீது தவறில்லை என்று 1993-ல் தீர்ப்பாயிற்று.

இந்த வாதம் திருப்பூர் சைட்டுக்குப் பொருந்தாமல் போவதற்கு ஒரு காரணம் இருக்கிறது. கொங்குப் பக்கம் அடிக்கடி நடப்பதை வைத்தே பார்ப்போம். பூர்வீகக் காட்டை அண்ணன் தம்பிகள் சேர்ந்து புரமோட்டருக்கு விற்கிறார்கள். கட்டிக்கொடுத்த அக்கா ஒருவர் காங்கேயத்திலோ கரூரிலோ இருக்கிறார். சீர் செய்தாகிவிட்டது, நகை போட்டாகிவிட்டது என்று அவரிடம் கையெழுத்தே வாங்கவில்லை. பூர்வீகச் சொத்தில் மகளுக்குப் பங்கு என்பது தமிழ்நாட்டில் 1989-லேயே, அன்று மணமாகாதிருந்த மகள்களுக்கு, வந்துவிட்டது. 2005-ல் மத்திய சட்டம் அதை எல்லா மகள்களுக்கும் விரித்தது. அந்த 2005-ம் ஆண்டுத் திருத்தம் வந்தபோது தந்தை உயிரோடு இருந்திருக்க வேண்டும் என்ற நிபந்தனைகூட இல்லை என்று 2020-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அக்காவின் விடுதலைப் பத்திரம் இல்லாத கிரையத்தில் அவர் பங்கு அப்படியே நிற்கிறது. வில்லங்கச் சான்றைப் புரட்டினால் இது தெரியாது. பதிவானதைத்தான் அது காட்டும், பதிவாகாத அக்காவை அதில் தேட முடியாது.

அக்கா இருப்பது புரமோட்டரின் வக்கீலுக்கு எப்படித் தெரிந்தது என்பதைப் பொறுத்து விஷயம் மாறுகிறது. ஊர்க்காரர் என்ற முறையில், கல்யாணத்துக்குப் போனவர் என்ற முறையில் தெரிந்திருந்தால் அவர் யாரிடமும் சொல்லலாம். புரமோட்டர் கட்சிக்காரராக வந்து உட்கார்ந்து, “அந்தம்மா கேட்டா பார்த்துக்கலாமுங்க” என்று நம்பிச் சொன்னதாக இருந்தால் கதையே வேறு. கட்சிக்காரர் தொழில்முறையில் சொன்னதை அவர் அனுமதியில்லாமல் வெளியிடக் கூடாது என்று பழைய சாட்சியச் சட்டமும் அதன் இடத்துக்கு வந்த பாரதிய சாக்ஷ்ய அதினியமும் வக்கீலைக் கட்டிப்போடுகின்றன. இப்போது வாங்குகிறவரும் அவருடைய கட்சிக்காரர் ஆகிவிட்டால், ஒருவரிடம் காக்க வேண்டிய ரகசியமே இன்னொருவரிடம் சொல்லியாக வேண்டிய உண்மையாகிறது. சொன்னால் ஒரு துரோகம், சொல்லாவிட்டால் ஒரு துரோகம். “நான் அவருக்கும் வக்கீல்தான்” என்ற வெளிப்படையான பேச்சு இந்த முடிச்சை அவிழ்ப்பதில்லை. இரண்டாவது ஆளிடம் முதல் நாளே “வேறு யாரையாவது பாருங்க” என்று சொல்வதுதான் அந்த வக்கீலுக்கு மிச்சமிருக்கும் நேர்வழி. நல்லவர், கெட்டவர் என்பது இங்கே பேச்சே இல்லை. யோக்கியரான வக்கீலுக்குத்தான் இந்த இடத்தில் நெருக்கடி அதிகம்.

நியூசிலாந்துத் தாயின் சம்மதமும் இங்கே ஒத்துவராது. அவர் வேண்டாமென்று எழுந்து போயிருக்க முடியும். அட்வான்ஸ் கொடுத்து, அக்ரிமெண்ட்டில் கையெழுத்துப் போட்டு, பதிவுக்கு டோக்கன் போட்ட பிறகு வக்கீல் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருப்பவர் எதற்கு வேண்டாமென்பார்?

தப்பு நடந்தபிறகு என்ன பரிகாரம் என்று பார்த்தால், தேர்ந்தெடுக்கும் நேரத்தில் எவ்வளவு கனம் இருக்கிறது என்பது புரியும். பத்திரம் பதிவாகிவிட்டது, அரசாங்கம் பார்த்துத்தானே பதிந்தது என்பது பரவலான நம்பிக்கை. சார்பதிவாளருக்கு விற்பவரின் உரிமையை ஆராயும் அதிகாரமே கிடையாது என்று உச்ச நீதிமன்றம் 2025 ஏப்ரலில், முந்தைய பத்திரத்தை வலியுறுத்திய தமிழ்நாட்டின் பதிவு விதி 55-ஏ-யின் ஒரு பகுதியைச் செல்லாதென்று அறிவித்தபோது தெளிவாகவே சொன்னது. நுகர்வோர் நீதிமன்றம் போகலாமென்றால், வக்கீலின் சேவை நுகர்வோர் சட்டத்துக்குள் வராது என்று 2024 மே மாதம் தீர்ப்பாகியிருக்கிறது. கிரிமினல் வழக்கும் எளிதல்ல. ஹைதராபாத்தில் விஜயா வங்கியின் பேனல் வக்கீல் ஒருவர் வீட்டுக் கடன்களுக்குத் தவறான கருத்துரை தந்தார் என்று சிபிஐ தொடுத்த வழக்கில், கருத்துரை தவறிப்போனதை மட்டும் வைத்துக் குற்றவாளியாக்க முடியாது, கூட்டுச்சதிக்குச் சான்று வேண்டும் என்று 2012-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. வக்கீல் பயமில்லாமல் கருத்துச் சொல்ல இந்தப் பாதுகாப்பு வேண்டியதுதான். பார் கவுன்சிலில் புகார் செய்யலாம், நஷ்ட ஈடு கேட்டு சிவில் வழக்குப் போடலாம். இரண்டுக்கும் மறுபடி ஒரு வக்கீல் வேண்டும்.

“பேங்க்ல லோன் குடுத்துட்டாங்க, அப்புறம் என்ன?” என்பவர்களும் உண்டு. வங்கியின் பேனல் வக்கீல் எழுதுவது வங்கிக்காக. பெரும்பாலும் அவருக்கான ஃபீஸ் கடன் வாங்குகிறவரின் தலையில்தான் விழுகிறது. ஆனால் கருத்துரை வங்கியின் ஃபைலுக்குப் போகிறது, அதன் நகலைக்கூடப் பலர் பார்த்ததில்லை. வங்கிக்குத் தெரிய வேண்டியது, கொடுத்த பணத்துக்கு ஈடு உண்டா என்பது. சொத்து கைவிட்டுப் போனாலும் சம்பளத்திலிருந்து தவணை பிடிக்கும் வழி அதற்கு இருக்கிறது. அந்த வீட்டில் முப்பது வருஷம் குடியிருக்கப் போகிறவரின் கவலை அந்த அளவுக்குள் அடங்காது.

ஊர் வக்கீலே வேண்டாம், கோவையிலிருந்தோ சென்னையிலிருந்தோ பிடிக்கலாம் என்ற முடிவுக்கு வந்தால் அதுவும் அவசரம். காகிதத்தில் இல்லாத செய்தி ஊர்க்காரரிடம்தான் இருக்கிறது. நொய்யல் ஓரத்துப் பூமிக்குப் பட்டா சுத்தமாக இருக்கும், கிணறும் அதில் காட்டியிருக்கும். சாயப்பட்டறைக் கழிவால் அந்தக் கிணற்றுத் தண்ணீர் என்ன ஆனது, 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லும் நிலைமை ஏன் வந்தது என்பதெல்லாம் எந்தப் பத்திரத்திலும் இல்லை. உரிமையைப் பற்றி மட்டும் கேட்டார்கள், தண்ணீரைப் பற்றிக் கேட்கவில்லை என்று ஒரு வக்கீல் வாயை மூடிக்கொண்டால் சட்டப்படி குற்றமில்லை. ஆனால் உள்ளூர்க்காரர் என்பதற்காக அவரைத் தேடி வந்தவரிடம் உள்ளூர்ச் செய்தியை மறைப்பதை நேர்மை என்று சொல்ல மனம் வராது. ஊரோடு கலந்திருப்பதுதான் அவருடைய பலம், அவரைச் சிக்கலில் இழுத்துவிடுவதும் அதுதான். ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதைத் தள்ளுவது எப்படி என்பதில்தான் வாங்குகிறவரின் சாமர்த்தியம்.

வாங்குகிறவரின் நேர்மையையும் கேட்டாக வேண்டும். கட்டுரைகள் பொதுவாக அவரை அப்பாவியாகவே விட்டுவிடுகின்றன. விலை ஒன்றாக இருக்கும், பத்திரத்தில் வழிகாட்டி மதிப்பைப் போடச் சொல்வார். மீதியை ரொக்கமாகக் கொடுப்பார். “அதெல்லாம் முடியாதுங்க” என்ற வக்கீலை விட்டுவிட்டு “பார்த்துக்கலாம்” என்றவரைத் தேடிப் போவார். அக்காவின் கையெழுத்து இல்லை என்று ஒருவர் குறிப்பெழுதினால், விலை மலிவாக இருக்கிறதே என்று இன்னொரு கருத்துரை வாங்குவார். தனக்காக வளையும் வக்கீலை விரும்பித் தேடியவர், அவர் புரமோட்டருக்காகவும் வளைந்தார் என்று பிற்பாடு புலம்புவதில் பாதி நியாயம்தான் இருக்கும். அந்த அக்காவின் பங்கு, வாங்குகிறவருக்கு வரும் ஆபத்து மட்டுமில்லை. ஒரு பெண்ணுக்குச் சேர வேண்டியது. தெரிந்து வாங்குகிறவர் அதை எடுத்துக்கொள்வதில் பங்காளி ஆகிறார்.

20 லட்சம் மதிப்புள்ள சைட்டுக்கு முத்திரைத் தீர்வை 7 சதவீதமும் பதிவுக் கட்டணம் 2 சதவீதமும் சேர்த்து 1,80,000 ரூபாய். இதை மறுபேச்சில்லாமல் கட்டுகிறவர் வக்கீல் ஃபீஸில்தான் பேரம் பேசுவார், அதையும் பத்திரம் முடிந்த அன்றைக்குத்தான் தருவார். காரியம் முடிந்தால்தான் காசு என்றால், வேண்டாம் என்று சொல்லும் வக்கீலுக்கு அன்றைய கூலி போய்விடுகிறது. வாங்கலாம் என்றாலும் வேண்டாம் என்றாலும் ஒரே ஃபீஸ், அதுவும் அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்பே, கருத்துரை வாங்குகிறவர் பெயருக்கே எழுதியிருக்க வேண்டும் என்று பேசிக்கொள்வதில் சிரமம் ஒன்றுமில்லை. லே-அவுட் வேலை எடுக்காமல், திருப்பூரிலும் அவிநாசியிலும் பாகப்பிரிவினை வழக்கு நடத்திக்கொண்டிருக்கும் சிவில் வக்கீல்கள் இதற்குத் தோதானவர்கள். எந்தப் பத்திரம் எந்த இடத்தில் உடையும் என்பதைக் கோர்ட்டில் பார்த்துக்கொண்டிருப்பவர்கள் அவர்கள். கையெழுத்துப் போடாத அக்காக்களுக்காக வாதாடுகிறவர்களும் அவர்களே.